மீன் பாடும் நாட்டில் ஒரு பாடவேளை

இலங்கைத் தீவின் கிழக்குக் கரையில், கடலுக்கும் வயலுக்கும் இடையே, ஐம்பது கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது ஓர் உப்புநீர்க் களப்பு. அதன் கரைகளில் அமைந்த நகரமே மட்டக்களப்பு. ‘மீன் பாடும் தேன்நாடு’ என்று அவ்வூரார் தம் மண்ணைப் பெருமையோடு அழைப்பர். முழுநிலவு நாள்களில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் சென்று, துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஊன்றி, மறுநுனியைக் காதோடு சேர்த்துக் கேட்டால், நீருக்கடியிலிருந்து நரம்பிசை போன்றதோர் ஒலி எழும் என்பது அங்குத் தொன்றுதொட்டு வழங்கிவரும் செய்தி. 1950-களில் அங்குப் பணியாற்றிய இயேசு சபைக் குருக்கள் அவ்வொலியைப் பதிவு செய்தனர். இலங்கை வானொலியும் அதனை ஒலிபரப்பியது. பாடுவது மீனா, சிப்பியா என்று இன்றும் வழக்காடுவோர் உளர்.

ஆனால் நான் அவ்வூருக்குச் சென்றது மீனின் பாட்டைக் கேட்பதற்காக அன்று. பேசாத ஒரு சிறுவனின் நினைவே என்னை அங்கு இட்டுச் சென்றது.

முப்பத்தொரு ஆண்டுகள் கடற்கரை ஊர் ஒன்றில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கோவில் பாடற்குழுவில் அவன் குரலே முன்னிற்கும். ஓர் ஐப்பசி மாதம் கடலுக்குச் சென்ற அவன் தந்தை திரும்பவில்லை. பத்து நாள் கழித்துப் பள்ளிக்கு வந்த சிறுவன், கேட்ட கேள்விக்கு விடை சொல்வதை நிறுத்திவிட்டான். பாடற்குழுவின் பயிற்சிக்கும் வரவில்லை. ‘ஒழுங்கில்லை’ என்று அங்கிருந்து அவன் பெயரை நீக்கினோம். வகுப்பில் நான் அவனைப் பெஞ்சின்மேல் நிறுத்தினேன். அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண் அட்டையில் ‘கவனக் குறைவு’ என்று என் கையாலேயே எழுதினேன். தைப்பொங்கல் விடுமுறைக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவேயில்லை. வெளியூர்ச் சிற்றுண்டிச் சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று பின்னர் அறிந்தேன். அந்த மூன்று மாதங்களில் ஒரு நாளேனும் அவனைத் தனியே அழைத்து, “தம்பி, எப்படி இருக்கிறாய்?” என்று நான் கேட்டதில்லை.

இந்த நினைவை, திருச்சியில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் அறிமுகமான மட்டக்களப்பு ஆசிரியர் ஒருவரிடம் எப்போதோ கடிதத்தில் குறிப்பிட்டிருந்தேன். “எங்கள் ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஒருவர் இருவர் அல்லர், ஐயா. வகுப்பே அப்படி இருந்த காலம் உண்டு. ஒருமுறை வந்து பாருங்கள்” என்று அவர் எழுதினார். 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்த அழைப்பை ஏற்றேன்.

உதயதேவியில் ஒரு பகல்

கொழும்புக் கோட்டை நிலையத்தில் காலையில் புறப்படும் உதயதேவி புகைவண்டி, தென்னந்தோப்புகளையும் காடுகளையும் கடந்து, பொலன்னறுவைக்கு அப்பால் மகாவலி கங்கையைத் தாண்டுகிறது. அதன்பின் நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. வெட்டவெளி, பனை, வெயில், ஆங்காங்கே எருமைகள். வாழைச்சேனை, ஏறாவூர் என்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் வருகின்றன. ஒரு நிலையத்தில் பாங்கொலி கேட்டது. அடுத்த நிலையத்தில் கோவில் மணி கேட்டது. ஒரே களப்பில் மீன் பிடித்து, ஒரே வயல்வெளியில் நெல் விளைவித்து, ஒரே தமிழில் தாலாட்டுப் பாடும் மக்கள் இவர்கள்.

இந்த மண்ணுக்கு இசையும் கதையும் புதியன அல்ல. ‘யாழ் நூல்’ எழுதி 1947-இல் தமிழுலகுக்கு அளித்த சுவாமி விபுலாநந்தர் இம்மாவட்டத்தை அடுத்த காரைதீவில் 1892-இல் பிறந்தவர். மட்டக்களப்பில் 1873-இல் தொடங்கப்பெற்ற புனித மிக்கேல் கல்லூரியில் பயின்றவர். வடமோடி, தென்மோடி என இருவகைக் கூத்துகள் சிற்றூர்தோறும் இன்றும் ஆடப்படுகின்றன. அறுவடை முடிந்த காலத்தில் சிறுவர்கள் கையில் கோலேந்தி வட்டமாக ஆடும் வசந்தன் கூத்தும் உண்டு. பாட்டும் ஆட்டமும் பழக்கும் ஆசானை ‘அண்ணாவியார்’ என்பர். பள்ளிக்கூடத்திற்கு முன்பே அங்கே களரி இருந்தது. அதில் சிறுவர்க்கும் இடமிருந்தது.

அந்தக் களரிகளை மௌனமாக்கியது போர். 1990-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் நாள் காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானிலும் அதன் அயலூர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளோடு கொல்லப்பட்டன. ஒரு மொழி பேசும் இரு சமூகங்கள் ஒன்றையொன்று அஞ்சத் தொடங்கின. போர் 2009 மே மாதத்தில் முடியும் முன்பே, 2004 டிசம்பர் 26-இல் கடல் எழுந்து நாவலடியையும் கல்லடியையும் வாரிச் சென்றது. அமைதி திரும்பியது என்று எண்ணியிருந்த 2019-ஆம் ஆண்டில், உயிர்ப்பு ஞாயிறன்று நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மாண்டவர்களுள் பலர் ஞாயிறு பள்ளி முடித்து நின்ற சிறுவர் சிறுமியர். ஒரு தலைமுறைக்குள் ஓர் ஊர் தாங்கக்கூடியதா இவ்வளவும்?

வண்ணத்துப்பூச்சிப் பூங்கா

என் நண்பர் முதலில் எனக்குச் சொன்னது ஒரு பூங்காவைப் பற்றி. 1996-ஆம் ஆண்டு, போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோதே, மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற ஒன்று தொடங்கப்பட்டது. கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும், உளவள ஆலோசனையில் தேர்ந்த இயேசு சபைக் குரு அருட்தந்தை போல் சற்குணநாயகமும் அதன் தூண்களாக இருந்தனர். தமிழ்ச் சிற்றூர்களிலிருந்தும் முஸ்லிம் சிற்றூர்களிலிருந்தும், பள்ளி ஆசிரியர்களின் துணையோடு பிள்ளைகள் தெரிவு செய்யப்பட்டனர். பேச்சை மறந்தவர், எதற்கெடுத்தாலும் கை ஓங்குபவர், இரவில் அலறி எழுபவர் போன்ற பிள்ளைகளே அவர்கள். வாரத்தில் ஒருநாளாக, ஒன்பது மாதங்கள் அவர்கள் அங்கு வந்தனர்.

அங்கே யாரும் அவர்களை உட்கார வைத்து, “உனக்கு என்ன நடந்தது?” என்று வினவவில்லை. களிமண் இருந்தது, வண்ணம் இருந்தது, மரங்கள் இருந்தன, மேளம் இருந்தது. பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட இரு சமூகத்து இளைஞர்களும் இருந்தனர். பிசைந்த களிமண்ணில் ஓர் உருவம் பிறக்கும். அந்த உருவத்திற்கு ஒரு பெயர் வரும். பெயருக்குப் பின்னே ஒரு கதை வரும். கதைகள் சேர்ந்து, பாட்டும் ஆட்டமுமாக, ஒருநாள் அரங்கேறும். அஞ்சி ஒதுங்கிய இரு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே கதையில் வேடம் கட்ட வேண்டுமானால், ஒருவர் கையை ஒருவர் பற்றியே ஆகவேண்டும் அல்லவா?

“அந்தப் பூங்காவில் எங்கள் ஊர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான், ஐயா” என்றார் நண்பர். “பிள்ளை பேசுவதற்கு முன்பு, பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும்.”

கடைசிப் பாடவேளை

மறுநாள் வியாழக்கிழமை. களப்பின் மேற்குக் கரையில், நகரிலிருந்து தொலைவாக உள்ள சிறு பள்ளி ஒன்றுக்கு நண்பர் என்னை அழைத்துச் சென்றார். அங்கு ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு வாரத்தின் அந்த ஒரு கடைசிப் பாடவேளை பாட்டுக்கும் கதைக்கும் என ஒதுக்கப்பட்டிருந்தது. நாற்பது நிமிடங்கள். தேர்வு இல்லை; மதிப்பெண் இல்லை.

மேசைகள் சுவரோரம் தள்ளப்பட்டன. முப்பது பிள்ளைகள் வட்டமாக அமர்ந்தனர். கூத்தின் வட்டக்களரியைப் போலவே அந்த வட்டத்திற்கு முன்வரிசை, பின்வரிசை என்று எதுவுமில்லை. ஊரின் முதிய அண்ணாவியார் ஒருவர் மத்தளத்தோடு வந்திருந்தார். முதலில் அவர் ஒரு தாளத்தைத் தட்டினார். பிள்ளைகள் தொடையில் அதனைத் திரும்பத் தட்டினர். தாளம் சிறிது சிறிதாக விரைந்து, பின்னர் தணிந்து, மூச்சளவுக்கு இறங்கியது. சிதறிக் கிடந்த முப்பது மனங்கள் ஐந்து நிமிடத்தில் ஒன்றாகிவிட்டதை நான் கண்ணாரக் கண்டேன். வகுப்பில் அமைதி நிலவப் பிரம்பால் மேசையைத் தட்டிய என் முப்பத்தொரு ஆண்டுகள் எனக்கு நினைவுக்கு வந்தன.

அதன்பின் ஆசிரியை ஒருவர் கதையைத் தொடங்கினார். “களப்பிலே ஒரு தோணி இருந்தது. அதற்குக் கரை மறந்துபோயிற்று.” அவ்வளவே அவர் சொன்னது. அடுத்திருந்த பிள்ளை ஒரு வாக்கியம் சேர்த்தது. அதற்கடுத்த பிள்ளை இன்னொன்று. தோணியைத் தேடி ஒரு நாரை வந்தது. முதலை ஒன்று வழிமறித்தது. முதலைக்குப் பல்வலி என்று ஒருவன் சொல்ல, வட்டமே சிரித்தது. சொல்ல விரும்பாதவர் தாளத்தை ஒருமுறை தட்டிவிட்டுக் கதையை அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பது அங்கு விதி. நான்கைந்து பேர் அவ்வாறே செய்தனர். எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை.

ஒல்லியான சிறுவன் ஒருவனின் முறை வந்தது. அவனும் தட்டிவிட்டுக் கடத்துவான் என்றே எண்ணினேன். அவனோ தலை நிமிராமல், “தோணி அழவில்லை. அழுதால் தண்ணீர் ஏறி மூழ்கிவிடும் என்று அதற்குத் தெரியும்” என்றான்.

வட்டம் அமைதியாயிற்று. ஆசிரியை வியப்பைக் காட்டவில்லை. ஆறுதல் மொழி என்று எதையும் அவன்மேல் கொட்டவுமில்லை. “சரியாகச் சொன்னாய், மகன். பிறகு?” என்று மட்டும் கேட்டார். பக்கத்திலிருந்த சிறுமி சொன்னாள்: “நாரை தன் அலகால் தோணியிலிருந்த தண்ணீரை இறைத்துக் கொடுத்தது. அப்போது தோணி கொஞ்சம் அழுதது.” அண்ணாவியார் மத்தளத்தை மெல்லத் தட்டினார். “நல்ல தோணி, மனே” என்றார். மகனை அழைக்கும் மட்டக்களப்பின் அன்புச் சொல் அது.

மணி அடித்ததும் பிள்ளைகள் பறந்தனர். அந்தச் சிறுவன் மட்டும் மேசைகளைத் திரும்ப இழுத்துப் போட உதவி செய்யும் பாவனையில் பின்தங்கினான். ஆசிரியை அவனோடு வாசற்படியில் அமர்ந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்பது முறையுமன்று. பின்னர் ஆசிரியை என்னிடம் சொன்னது இது: “தாய் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போய் இரண்டு ஆண்டாகிறது, ஐயா. இன்று அவன் என்னிடம் பேசியது மூன்றே வாக்கியம். கதைக்கு முன்பு அதுவும் இல்லை.”

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. போரும் கடற்பேரலையும் இல்லாத ஊரிலும் கரை மறந்த தோணிகள் உண்டு. தாய் தொலைவில் இருக்கும் வீடு, குடியால் குலைந்த வீடு, தேர்வில் தோற்ற பிள்ளையைச் சுடுசொல்லால் வரவேற்கும் வீடு என நம் வகுப்பறைகளிலும் அவை அமர்ந்திருக்கின்றன. உலகில் 10 முதல் 19 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏழு பேரில் ஒருவர் மனநலக் குறைபாட்டோடு வாழ்கிறார் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பு. அப்படியானால் நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஐந்தாறு பேர்! அவர்களுள் எத்தனை பேரின் அட்டையில் ‘கவனக் குறைவு’ என்று எழுதியிருக்கிறோம்?

கயிறும் பூவும் கல்லும்

“இவையெல்லாம் நல்ல பொழுதுபோக்கு, இவற்றால் நோய் தீருமா?” என்று கேட்போர் உண்டு. அன்று மாலை நண்பரிடம் நானும் கேட்டேன். அவர் ஆர்வலரேயன்றி மயங்கியவர் அல்லர். இரு பக்கத்தையும் எடுத்துரைத்தார்.

கடற்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் ஒரு முயற்சி நடந்தது. போராலும் அலையாலும் கடும் அதிர்ச்சிக்கு உள்ளான 31 பிள்ளைகளோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முறை அமர்ந்தனர். ஒரு பகுதியினர் தம் வாழ்க்கையைக் கதையாகச் சொன்னார்கள். இம்முறையில், தரையில் விரித்த ஒரு கயிறே பிள்ளையின் வாழ்நாள். மகிழ்ந்த நாளுக்கு ஒரு பூ, துயர நாளுக்கு ஒரு கல். பிறந்த நாளிலிருந்து கயிற்றின் வழியே நடந்து, ஒவ்வொரு கல்லருகிலும் நின்று, முன்னும் பின்னும் நடந்ததை வரிசையாகச் சொல்லவேண்டும். அச்சம் நினைவில் துண்டு துண்டாகக் கிடக்கும்போதுதான் அது இரவில் எழுந்து மிரட்டுகிறது. தொடக்கமும் முடிவும் உள்ள கதையாகிவிட்டால், ‘அது அன்று நடந்தது, இன்று அல்ல’ என்று மனம் அறிகிறது. மறுபகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தனர். ஆறு மாதங்களுக்குப் பின், கதை சொன்னவர்களில் நூற்றுக்கு 81 பேரும், தியானம் செய்தவர்களில் 71 பேரும் அதிர்ச்சி நோயிலிருந்து மீண்டிருந்தனர் என்று 2009-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. சிறு எண்ணிக்கைதான், எனினும், பொறுமையாக உடனிருந்த ஆலோசகர்கள் வெளிநாட்டார் அல்லர், அவ்வூராரே என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

மறுபக்கமும் உண்டு. வட இலங்கைப் பள்ளிகளில் 399 பிள்ளைகளிடையே, ஐந்து வாரங்களில் 15 அமர்வுகளாக, விளையாட்டும் கலையும் மனப்பயிற்சியும் கலந்த திட்டம் ஒன்று நடத்தப்பட்டது. அதன் முடிவு 2012-இல் வெளியாயிற்று. முரட்டு நடத்தை குறைந்தது. ஆயினும் அதிர்ச்சி, மனச்சோர்வு ஆகியவற்றில் எல்லோருக்கும் பொதுவான பயன் தென்படவில்லை. அதனினும் வருத்தம் தருவது, திட்டத்தில் பங்குபெற்ற சிறுமியரின் அதிர்ச்சி அறிகுறிகள், பங்குபெறாத சிறுமியருடையதைவிடக் குறைவாகவே தணிந்தன என்பதாகும்.

“ஆகையால்தான் எங்கள் பள்ளியில் மூன்று விதிகள் வைத்திருக்கிறோம்” என்றார் நண்பர். “முதலாவது, எந்தப் பிள்ளையையும் தன் துயரத்தை வகுப்பின் முன் சொல்ல வைப்பதில்லை. வட்டத்தில் தோணியும் நாரையும்தான் பேசும்; கல்லும் கயிறும் பயிற்சி பெற்றவர்களின் தனியறைக்கு உரியவை. இரண்டாவது, ஐந்து வாரத்தில் முடித்துக்கொண்டு போவதில்லை. வாரந்தோறும், ஆண்டுதோறும், அதே ஆசிரியர், அதே வட்டம். மூன்றாவது, ஒரு பிள்ளை தனக்குத்தானே தீங்கு நினைப்பதாகவோ, வீட்டில் தீங்கு நேர்வதாகவோ தெரிந்தால், அன்றைக்கே ஆலோசகரிடமும் மருத்துவமனையிலும் கொண்டு சேர்ப்போம். பாட்டு மருந்துக்கு மாற்று அல்ல, ஐயா. பாட்டு கதவைத் திறக்கும். உள்ளே போகிறவர் மனிதராக இருக்கவேண்டும்.”

பாலத்தில் ஓர் இரவு

நான் புறப்படும் முன்னாள் முழுநிலவு. 1924-இல் கட்டப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தருகே, நண்பரின் உறவினர் ஒருவரின் தோணியில் ஏறினோம். புதிய பாலத்தில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. நடுக்களப்பில் தோணியை நிறுத்தித் துடுப்பை நீரில் ஊன்றி, மறுநுனியைக் காதில் வைத்தேன். எதுவும் கேட்கவில்லை. வண்டி இரைச்சல், என் மூச்சு, தோணியின் கிறீச்சொலி இவையே கேட்டன.

“அவசரப்படாதீர்கள், ஐயா” என்றார் தோணிக்காரர்.

நெடுநேரம் அப்படியே இருந்தோம். கடைசியில் மெல்லிய முனகல் போன்ற ஓர் ஒலி துடுப்பின் வழியே வந்தது, உடனே நின்றது, மீண்டும் வந்தது. அது மீனோ, சிப்பியோ, நீரோ, நான் அறியேன். ஆனால் பெஞ்சின்மேல் தலைகுனிந்து நின்ற என் மாணவனே என் கண்முன் வந்தான். அவன் பேசாமல் இருந்தான் என்றே இத்தனை ஆண்டுகள் சொல்லிவந்தேன். துடுப்பை நீரில் ஊன்றி அமைதியாக இருக்க நான்தான் கற்றிருக்கவில்லை.

அன்புள்ள வாசகர்களே, நம் பங்குகளில் பள்ளிகள் உண்டு. பள்ளிகளில் ஆர்மோனியமும் தபேலாவும் பூட்டிய அலமாரியில் ஆண்டு விழாவுக்காகக் காத்திருக்கின்றன. வில்லுப்பாட்டு அறிந்த முதியவர்களும், கதை சொல்லத் தெரிந்த பாட்டிமார்களும் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். பாடத்திட்டத்தின் சுமை எனக்குத் தெரியாததன்று. ஆயினும் வாரத்தில் ஒரு பாடவேளையை, நாற்பதே நிமிடங்களை, மதிப்பெண் இல்லாத பாட்டுக்கும் கதைக்கும் ஒதுக்கித் தர நம் தாளாளர்களும் தலைமையாசிரியர்களும் மனம் வைக்கக் கூடாதா? அந்த வட்டத்தில் அமரும் ஆசிரியருக்குச் சிறிது பயிற்சியும், பயிற்சிக்கு மேற்பட்ட பொறுமையும் வேண்டும். உதவி தேவைப்படும் பிள்ளைக்காக, இந்தியாவில் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணும், இலங்கையில் 1926 என்ற எண்ணும் உள்ளன. அவற்றை ஆசிரியர் அறையின் சுவரில் எழுதி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டால், மதிப்பெண் அட்டையைக் கேட்பதற்கு முன் அந்தப் பாட்டு எங்கே போயிற்று என்று கேளுங்கள்.

ஊர் திரும்பியதும் நான் முதலில் செய்தது, அந்தப் பழைய மாணவனின் முகவரியைத் தேடியதுதான். இப்போது அவன் நடுவயதினன். இரு பிள்ளைகளுக்குத் தந்தை. தொலைபேசியில் என் பெயரைச் சொன்னதும், “சார், நல்லா இருக்கீங்களா?” என்று அவனே முந்திக் கேட்டான். நான் அவனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. எட்டாம் வகுப்பில் அவனுக்குச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. இம்முறை நான் அவசரப்படவில்லை; அவன் பேசும்வரை காத்திருந்தேன்.